ஃபோகஸ் புள்ளி: கேமராவே பார்த்துக்கொள்ளட்டுமா, நாமே வைப்போமா?

மூன்று வருடங்களுக்கு முன்பு மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபம். என் மச்சினர் மகளுக்கு முகூர்த்தம். கெட்டிமேளம் முழங்கியதும் சுற்றி நின்ற எல்லோரும் அட்சதை தூவ, மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகும் அந்த நான்கைந்து விநாடிக்குள் பன்னிரண்டு படம் எடுத்தேன். இரவு வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், பன்னிரண்டில் ஒன்பது படங்களில் குறுக்கே நீண்டிருந்த ஒரு பெரியம்மாவின் கைதான் தெளிவாக இருந்தது. வளையலில் செதுக்கிய பூ தெரிந்தது. விரலிடுக்கில் ஒட்டிய மஞ்சள் அரிசி தெரிந்தது. பெண்ணின் முகம் பின்னால் பஞ்சு மாதிரி கலைந்து கிடந்தது. அந்த நேரத்தை யாரும் திரும்ப நடத்திக் காட்ட முடியாது.

கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. படத்தில் எந்த இடம் தெளிவாக வர வேண்டும் என்று குறிப்பதுதான் ஃபோகஸ் புள்ளி. அதைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நான் கேமராவிடமே விட்டிருந்தேன். அது தன் வழக்கப்படி, கிட்டத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டது.

இந்த வருடம் என் அக்கா மகன் ஒரு பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) வாங்கிக்கொண்டு வந்து நின்றான். முதல் கேள்வியே இதுதான்: "மாமா, இதுல ஒன்பது புள்ளி இருக்கு. எதையும் தொடாம விட்டா அதுவே ஒண்ண எடுத்துக்குது. அப்படியே விட்டுடலாமா?" ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கரணைக்கும் மாட வீதிக்கும் நாலைந்து முறை போய் வந்தேன். அதில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். புள்ளியை நாமே வைப்பது வேறு, மேனுவல் ஃபோகஸ் வேறு. மேனுவல் ஃபோகஸில் லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். இங்கே லென்ஸைத் திருப்பும் வேலையைக் கேமராதான் செய்கிறது. எந்த இடத்துக்காகத் திருப்ப வேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்கிறோம். போனில் படம் எடுக்கும்போது குழந்தையின் முகத்தின் மேல் விரலால் தட்டுகிறோமே, அதே வேலைதான். அப்புறம், ஒரு முறை பிடித்து நிறுத்துவதா, தொடர்ந்து பிடித்துக்கொண்டே இருப்பதா என்பது தனிக் கேள்வி. கேனான் அதை ஒன் ஷாட், சர்வோ என்கிறது. நிக்கான், சோனி இரண்டும் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-சி என்கின்றன. ஒன்று எங்கே என்பது, இன்னொன்று எத்தனை நேரம் என்பது. இரண்டையும் ஒரே பட்டனாக நினைத்துக்கொண்டுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேமரா எப்படி முடிவு செய்கிறது

டிஎஸ்எல்ஆரில் ஆட்டோ தேர்வு ரொம்ப எளிமையான வேலை. எந்தெந்தப் புள்ளியின் கீழ் விளிம்புகள் அழுத்தமாகத் தெரிகின்றன என்று பார்க்கிறது. அவற்றில் எது கிட்டத்தில் இருக்கிறதோ, பெரும்பாலும் அதற்கே முதல் மரியாதை. இதில் தவறு காண முடியாது. நாம் எடுக்கும் பெரும்பாலான படங்களில் எடுக்க நினைத்த ஆள்தான் நமக்குக் கிட்டத்தில் நிற்பார், பின்னால் சுவரோ கடலோ இருக்கும். அந்த மாதிரிப் படத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு முறை அது சரியாகவே பிடிக்கும்.

சென்னைத் தெருக்களில் அப்படி வெறுமையான முன்புறம் கிடைப்பது அரிது. கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழாவில் எட்டாம் நாள் அறுபத்துமூவர். பல்லக்குகள் தோளில் ஆடி ஆடி வருகின்றன. உங்களுக்கும் பல்லக்குக்கும் நடுவில் தூக்கிப் பிடித்த போன்கள் முப்பதாவது இருக்கும். ஒவ்வொரு போன் திரையும் வெளிச்சமாக, நேர்க்கோட்டு விளிம்போடு, கிட்டத்தில் இருக்கிறது. ஆட்டோ விரும்புவதெல்லாம் அதில் இருக்கிறது. அக்கா மகன் அன்று எடுத்த முதல் இருபது படங்களில் நாயன்மார் யாரும் தெளிவாக இல்லை. யாரோ ஒருவருடைய போன் உறையில் இருந்த கீறல் மட்டும் அப்படியே தெரிந்தது.

வண்டலூர் உயிரியல் பூங்காவில் பறவைக் கூண்டு முன்னால் நின்றாலும் இதே கதை. கம்பி வலைதான் கிட்டத்தில் இருக்கிறது, வலையின் கட்டங்கள்தான் அழுத்தமான விளிம்பு. ஆட்டோ வலையைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒரே ஒரு புள்ளியை வைத்து, அதை வலையின் கண்ணுக்குள் செலுத்தி, பின்னால் உட்கார்ந்திருக்கும் பறவையின் மேல் நிறுத்தினால் வலை கரைந்து போகும். லென்ஸை வலைக்கு எவ்வளவு நெருக்கமாக விதிமுறை அனுமதிக்கிறதோ அவ்வளவு நெருக்கமாக வைத்தால் இன்னும் நல்லது.

நாமே வைக்கும்போது

நானே புள்ளியை வைப்பதன் பெரிய லாபம், படம் என் யோசனைப்படி நடக்கும் என்பதுதான். மார்கழி விடியலில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார் ஒரு பாட்டி. நான் தரையோடு தரையாக உட்கார்ந்து கேமராவைப் பிடித்திருக்கிறேன். என் லென்ஸுக்கு அரை அடி தூரத்தில் கோலத்தின் ஒரு வளைவு, கறுத்த ஈரத் தரையில் வெள்ளைக் கோடு. ஐந்து அடி தள்ளி அவர் விரல்கள், அதிலிருந்து இறங்கும் மாவு. எனக்கு அந்த விரல்கள்தான் வேண்டும். ஆட்டோவிடம் விட்டால் வெள்ளைக் கோட்டைத்தான் பிடிக்கும், ஏனென்றால் அந்த அரை இருட்டில் அதைவிடத் தெளிவான விளிம்பு அதற்குக் கிடைக்காது. புள்ளியை மேல் பக்கம் நகர்த்தி விரல்மேல் வைத்தேன். மாவு இறங்கும் அந்த மெல்லிய இழைகூடப் படத்தில் வந்தது. கொலுப்படியில் மூன்றாவது படியில் இருக்கும் ஒரு தலையாட்டிப் பொம்மை, கார்த்திகை விளக்கு வரிசையில் நடுவில் இருக்கும் ஓர் அகல் என்று எங்கெல்லாம் ஒன்றுபோல இருக்கும் பலவற்றில் ஒன்றை மட்டும் காட்ட நினைக்கிறோமோ, அங்கெல்லாம் நாமே வைப்பதுதான் வழி.

நஷ்டமும் இருக்கிறது. நேரம் போகும். என் அக்கா மகன் வைத்திருப்பதுபோன்ற ஆரம்ப நிலைக் கேனானில் பின்பக்க மேல் மூலையில் இருக்கும் பட்டனை அழுத்தி, பிறகு திசைப் பட்டனால் புள்ளியை நகர்த்த வேண்டும். நிக்கானில் சிங்கிள் பாயிண்ட்டில், அதாவது ஒரே ஒரு புள்ளியை நாமே வைக்கும் முறையில், வைத்துவிட்டால் திசைப் பட்டனை நேரடியாக அழுத்தலாம், ஒரு படி மிச்சம். விலை கூடிய கேமராக்களில் கட்டைவிரலுக்கு ஒரு சின்ன ஜாய்ஸ்டிக் இருக்கும். அது பழகிவிட்டால் கண்ணை எடுக்காமலே நகர்த்தலாம். ஆனால் எந்தக் கேமராவாக இருந்தாலும், புள்ளியை இடது மூலையிலிருந்து வலது மூலைக்குக் கொண்டுபோவதற்குள் மெரினாவில் அலையை நோக்கி ஓடும் குழந்தை தண்ணீருக்குள் போய்த் திரும்பி வந்துவிடும்.

இன்னொரு விஷயத்தைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. டிஎஸ்எல்ஆரில் எல்லாப் புள்ளிகளும் ஒரே தரம் கிடையாது. கேனான் 1500டி மாதிரியான 9 புள்ளிக் கேமராவிலும், நிக்கான் டி3500 மாதிரியான 11 புள்ளிக் கேமராவிலும் நடுப்புள்ளி ஒன்றுதான் கிராஸ் டைப். அதாவது நெடுக்குக் கோடு, படுக்கைக் கோடு இரண்டையும் அதனால் பிடிக்க முடியும். மற்றவை ஒரு திசைக் கோடுகளை மட்டுமே நன்றாகப் பிடிக்கும். நிக்கான் டி5600-இல் 39 புள்ளிகள், அதில் கிராஸ் டைப் 9.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். சாயங்காலம் வெளிச்சம் குறைந்த பிறகு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். ஓரப் புள்ளி ஒன்றை நெடுக்குக் கம்பியின் மேல் வைத்து ஷட்டர் பட்டனை அரை அழுத்து (பாதி வரை மட்டும்) அழுத்துங்கள். பிறகு கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி அதே கம்பியை அதே புள்ளியால் முயலுங்கள். ஒரு பிடியில் சட்டென்று பிடிக்கும். இன்னொரு பிடியில் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தடவும். எங்கள் வீட்டு பால்கனியில் இதைச் செய்து காட்டியபோதுதான், ஹோமப் புகைக்கு நடுவில் ஓரப் புள்ளி ஏன் கைவிடுகிறது என்று அவனுக்கு விளங்கியது. புகை, பட்டுப்புடவையின் ஒரே நிறப் பரப்பு, வெள்ளை வேட்டி இவற்றில் பிடிப்பதற்கு விளிம்பு கிடையாது. ஜரிகைக் கரையில் வைத்தால் பிடிக்கும். ஆகவே மங்கின வெளிச்சத்தில் இந்த மாதிரிக் கேமரா வைத்திருப்பவர்கள் நடுப்புள்ளியைத்தான் நம்ப வேண்டும்.

நடுப்புள்ளி என்றதும், அதில் பிடித்துக்கொண்டு, ஷட்டரை அரை அழுத்திலேயே வைத்தபடி கேமராவைத் திருப்பிப் படத்தை அமைக்கலாமே என்று கேட்பீர்கள். நல்ல வழிதான், பழைய வழியும்கூட. 1985-இல் மினோல்டா 7000 வந்தபோது அதில் இருந்ததே நடுவில் ஒரே ஓர் இடம். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எடுத்தார்கள். எட்டு, பத்து அடி தள்ளி நிற்பவரை 5.6 அப்பெர்ச்சரில் (லென்ஸின் திறப்பு; எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) எடுக்கும்போது இன்றும் நான் அப்படித்தான் செய்கிறேன். கிட்டத்தில் போய், அப்பெர்ச்சரை முழுக்கத் திறக்கும்போதுதான் அது காலை வாரும்.

கணக்கைப் பாருங்கள். ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆரில் 50 எம்எம் லென்ஸ், 1.8 அப்பெர்ச்சர், ஆள் ஒரு மீட்டர் தூரத்தில். தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே 3 செ.மீ.க்கும் குறைவு. அதாவது கண்ணுக்கு முன்னால் ஒன்றேகால், பின்னால் ஒன்றேகால். நடுப்புள்ளியால் கண்ணைப் பிடித்துவிட்டு கேமராவை 10 டிகிரி திருப்பினால், ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் சுமார் ஒன்றரை செ.மீ. போய்விடும். கண் மங்கி, காதோரத்து முடி தெளிவாக வரும். இதற்கு நடுவில் நீங்கள் மூச்சு விட்டு அரை அங்குலம் ஆடினால் அதுவும் சேரும். லென்ஸ் சரியில்லை என்று சர்வீஸுக்குக் கொண்டு போகிறவர்களில் சிலருக்கு இதுதான் உண்மையான காரணம். அந்த மாதிரிப் படத்துக்குக் கண்ணுக்கு அருகில் இருக்கும் புள்ளியையே தேர்ந்தெடுத்து, கேமராவைத் திருப்பாமல் எடுப்பது நல்லது. சர்வோவில் வைத்திருந்தால் இந்தத் திருப்பும் வழி அடியோடு வேலை செய்யாது. கேமரா புது இடத்துக்குத் தாவிவிடும். அதற்காகத்தான் ஃபோகஸை ஷட்டரிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். கட்டைவிரலை எடுத்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும்.

ஓடுவது, பறப்பது, ஆடுவது

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. பல்லாவரம்-துரைப்பாக்கம் சாலையில் லாரிகள் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் தண்ணீர். உலக அளவில் முக்கியமான ஈர நிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம் பெற்றது இது. அங்கே ஒரே மணி நேரத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு எதிர்ப் பதில்கள் கிடைத்தன.

கோரைக்கு நடுவில் ஒரு நீலத் தாழைக்கோழி நின்று தண்டைக் காலால் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் பத்துப் பதினைந்து கோரைத் தாள்கள் குறுக்கும் நெடுக்கும். அவன் கேமரா ஆட்டோவில் இருந்தது; கோரையைப் பிடித்தது, அடுத்த கோரையைப் பிடித்தது, மறுபடி முதல் கோரைக்கே வந்தது. நடுப்புள்ளியை மட்டும் வைத்து, சிவந்த அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் நிறுத்தச் சொன்னேன். இரண்டாவது அழுத்தில் பிடித்தது. இரண்டு தாள்களுக்கு நடுவில் அந்தச் சிவப்பு நெற்றித் தகடும் அதன் கீழே ஈரமாக மின்னும் கண்ணும் மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் பச்சைப் புகை. அந்தப் படத்தை அவன் அக்காவுக்கு அப்போதே அனுப்பிவிட்டான்.

அடுத்த கால் மணியில் பூநாரைக் கூட்டம் ஒன்று எழுந்து எங்கள் தலைக்கு மேலே வளைந்து போனது. அவன் நடுப்புள்ளியோடு ஒரு பறவையைத் துரத்தினான். புள்ளி ஒரு நொடி பறவைமேல், மறு நொடி வெறும் வானத்தில். வானத்தில் பிடிக்க ஒன்றும் இல்லாததால் லென்ஸ் கடைசி வரை ஓடித் திரும்பியது, அதற்குள் கூட்டம் போய்விட்டது. இந்த இடத்தில் ஆட்டோதான் வேண்டும். வெறும் வானத்தில் பிடிப்பதற்கு பறவையைத் தவிர வேறு எதுவும் இல்லை, ஆகவே கேமரா தவறாகத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. ஆட்டோவையும் சர்வோவையும் சேர்த்து வைக்கும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 9 புள்ளிக் கேனான்களில் இந்தச் சேர்க்கை முதலில் நடுப்புள்ளியால்தான் பிடிக்கும், பிறகு பறவை மற்றப் புள்ளிகளுக்கு நகர்ந்தால் கூடவே போகும். எனவே பறவையை முதலில் நடுவில் கொண்டுவந்து அழுத்த வேண்டும், பிறகு ஓடவிடலாம். இதைத் தெரியாமல் ஓரத்தில் வைத்து அழுத்திவிட்டு ஆட்டோ வேலை செய்யவில்லை என்று நானே இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே பறவை தாழப் பறந்து கட்டடங்களுக்கு முன்னால் வந்தால் கதை மாறிவிடும். பெருங்குடிப் பக்கத்து அடுக்குமாடிகளின் ஜன்னல் வரிசை பறவையைவிட அழுத்தமான விளிம்பு. ஆட்டோ அங்கே தாவும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு, என் கணக்கில் அதிகமாகப் பயன்படுவதும் அதுதான்: ஜோன். புள்ளிகளின் ஒரு சிறு கூட்டத்தை நீங்கள் வைக்கிறீர்கள், அதற்குள் எது என்பதைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. நிக்கானின் டைனமிக் ஏரியா இதற்குச் சற்று மாறுபட்டது. நீங்கள் வைத்த புள்ளிதான் முக்கியம். ஆள் அதைவிட்டுக் கொஞ்சம் விலகினால் சுற்றியுள்ள புள்ளிகள் கை கொடுக்கும். காசிமேட்டில் விடிகாலையில் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வேகமாக வருபவரை எடுக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஒரு புள்ளியை அவர் முகத்திலேயே நிறுத்த நம் கைக்கு வராது, முழு ஆட்டோவில் விட்டால் கூட்டத்தில் யாரையாவது பிடிக்கும்.

மேடையும் அப்படித்தான், ஆனால் அங்கே ஒரே நிகழ்ச்சிக்குள் இரண்டும் வேண்டும். மார்கழியில் பரதநாட்டியம் எடுக்கும்போது ஜதிக்கு ஜோனும், பதத்துக்குச் சிங்கிள் பாயிண்ட்டும் வைத்துக்கொள்கிறேன். ஜதியில் ஆடுபவர் அரைமண்டியிலிருந்து எழுந்து மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போகிறார், துரத்தத்தான் வேண்டும். பதம் தொடங்கியதும் அவர் ஓரிடத்தில் நிற்பார், முகம்தான் பேசும். அப்போது முத்திரை பிடித்த கை ஒன்றரை அடி முன்னால் நீளும். ஆட்டோவும் ஜோனும் கையைத்தான் பிடிக்கும். எனக்குக் கண் வேண்டும். கேமராவை நெடுக்காகப் பிடித்து, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கும் புள்ளியை முன்கூட்டியே வைத்துவிடுவேன். நிற்கும்போது அவர் முகம் அங்கேதான் வரும். சில சமயம் கைதான் படம், மருதாணிச் சிவப்பும் விரல் வளைவும். அப்போது புள்ளியைத் தெரிந்தே கையில் வைப்பேன்.

மிரர்லெஸ் வைத்திருந்தால்

இதுவரை சொன்னதில் பாதி, கண்ணாடி உள்ள பழைய கேமராக்களுக்கு. இப்போது வரும், கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் கேள்வியின் வடிவமே மாறிவிட்டது. 2014-இல் வந்த சோனி ஏ6000-இல் படத்தைப் பதிவு செய்யும் சென்சாரிலேயே 179 புள்ளிகள். 2018-இன் கேனான் இஓஎஸ் ஆர், புள்ளியை வைக்க 5,655 இடங்களைத் தந்தது. அத்தனையில் ஒன்றைத் திசைப் பட்டனால் தேடிப் போய் வைப்பது நடக்கிற காரியம் இல்லை. அதே நேரத்தில் கேமரா முகத்தையும் கண்ணையும் அடையாளம் காணக் கற்றுக்கொண்டது. 2020-க்குப் பிறகு வந்த சில மாடல்கள் பறவையின் கண்ணைக்கூடப் பிடிக்கின்றன. முன்பு ஆட்டோ என்றால் கிட்டத்தில் இருப்பது. இப்போது ஆட்டோ என்றால் கேமராவுக்கு அடையாளம் தெரிந்தது. அந்தக் கல்யாண நாளில் இப்படிப்பட்ட ஒன்று கையில் இருந்திருந்தால், பெரியம்மாவின் கையைத் தாண்டிப் பெண்ணின் கண்ணுக்கே போக வழி இருந்திருக்கும்.

ஆனால் முகம் எது என்று தெரிந்தாலும் யாருடைய முகம் என்பது அதற்குத் தெரியாது. திருவல்லிக்கேணியில் ஒரு டீக்கடை. மாஸ்டர் டபராவைத் தூக்கி டீ ஆற்றுகிறார், முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது, நீராவி வேறு மறைக்கிறது. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு சினிமா போஸ்டர். நேராகப் பார்க்கும் பெரிய முகம், நல்ல வெளிச்சம், இரண்டு கண்ணும் தெளிவு. கேமரா போஸ்டரின் கண்ணில் போய்ச் சின்னச் சதுரத்தை வைத்து அழகாக உட்கார்ந்துகொண்டது. இந்த ஊரில் போஸ்டரும் பேனரும் இல்லாத சுவர் எது? கொலுவில் பொம்மைகளும் இதே வேலையைச் செய்யும். அதனால் மிரர்லெஸ்ஸில் நான் வைத்துக்கொள்வது இரண்டும் கலந்த வழி: டிராக்கிங் முறையில், சிறிய புள்ளியை மாஸ்டர்மேல் வைத்து அரை அழுத்து அழுத்துவேன். இவரைத்தான் என்று சொல்லியாகிவிட்டது. அப்புறம் அவர் எங்கே திரும்பினாலும் கேமரா கூடவே போகும். தொடங்கி வைப்பது நான், பின்தொடர்வது அது. சோனி, கேனான், நிக்கான் மூன்றிலும் ஏதோ ஒரு பெயரில் இது இருக்கிறது. மெனுவில் டிராக்கிங் என்ற சொல்லைத் தேடுங்கள்.

புள்ளியைக் கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுக்கும் ஆசை கேமரா செய்பவர்களுக்கும் ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. 1992-இல் கேனான் இஓஎஸ் 5-இல் ஐந்து புள்ளிகள் இருந்தன, எந்தப் புள்ளியைப் பார்க்கிறோமோ அதில் பிடிக்கும். பிறகு அந்த வசதி பல வருடம் காணாமல் போய், 2021-இல் இஓஎஸ் ஆர்3-இல் திரும்ப வந்தது. விலை நம் கைக்கு எட்டாது.

மிரர்லெஸ்ஸுக்கும் ஒரு பலவீனம் உண்டு. பெரும்பாலானவற்றின் சென்சார் புள்ளிகள் படுக்கைக் கோட்டைப் பிடிக்கத் தடுமாறும். மெரினாவில் சூரியன் வரும் முன்பு அடிவானக் கோட்டின் மேல் புள்ளியை வைத்துப் பாருங்கள், தடவிக்கொண்டே இருக்கும். கேமராவைச் சற்றே சாய்த்துப் பிடித்து ஃபோகஸை நிறுத்தி, பிறகு நிமிர்த்தி எடுங்கள். தூரத்தில் ஒரு கட்டுமரமோ கப்பலோ இருந்தால் அதைப் பிடித்துக்கொள்வது இன்னும் சுலபம்.

சரி, எதை வைப்பது?

நீங்கள் வைத்திருப்பது ஒன்பது, பதினொரு புள்ளி டிஎஸ்எல்ஆர் என்றால் என் பதில் சந்தேகமில்லாமல் சிங்கிள் பாயிண்ட்தான். நடுப்புள்ளியில் ஆரம்பியுங்கள். பச்சை நிற முழு ஆட்டோ மோடில் பெரும்பாலான கேமராக்கள் புள்ளியைத் தொடவே விடாது, மோடு சக்கரத்தைத் திருப்பி பி அல்லது ஏவி (நிக்கானில் ஏ) மோடுக்கு வர வேண்டும். புள்ளிகள் 39 இருக்கும் நிக்கானில் அதை 11 ஆகக் குறைக்க மெனுவில் வழி இருக்கிறது; நகர்த்தும் நேரம் பாதிக்கு மேல் குறையும். இரண்டு மாதம் இப்படிப் பழகினால், படம் எடுக்கும் முன்பு எது தெளிவாக இருக்க வேண்டும் என்று ஒரு நொடி யோசிக்கும் வழக்கம் தானாக வந்துவிடும். எனக்கு இது ஃபோகஸைவிடப் பெரிய லாபமாகத் தெரிகிறது. ஆட்டோவில் விட்ட வருடங்களில் நான் காட்சியைப் பார்த்தேன், எதைக் காட்டுகிறேன் என்று பார்க்கவில்லை.

ஆட்டோவுக்குக் கூச்சமில்லாமல் போக வேண்டிய நேரங்களும் உண்டு. கடற்கரையில் ஓடும் குழந்தைகள், வெறும் வானத்துப் பறவைகள், மேடையில் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கும் குடும்பப் படம். கூட்டத்தில் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் குத்துமதிப்பாக எடுக்கும்போதும் ஆட்டோதான். முக்கியமாக, நீங்களும் படத்தில் இருக்க வேண்டும் என்று கேமராவை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது ஆட்டோவுக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். ஓரத்துப் புள்ளியில் விட்டுக் கொடுத்தால் அவர் எடுப்பதில் சுவரிலிருக்கும் காலண்டர் மட்டும் தெளிவாக இருக்கும், அவர்மேல் வருத்தப்பட முடியாது.

கல்யாணம் எடுப்பவர்கள் மட்டும் ஒரே முடிவோடு மண்டபத்துக்குள் போகாதீர்கள். ஊஞ்சலுக்கு ஜோன், மாலை மாற்றும்போது தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள், அதற்கும் ஜோன். நலங்குக்குச் சிங்கிள் பாயிண்ட். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்பே புள்ளியைப் பெண்ணின் முகம் வரும் இடத்தில் வைத்து, இரண்டு படம் எடுத்துப் பார்த்து, அப்புறம் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். போன மாதம் வேறொரு கல்யாணத்தில் இப்படித்தான் நின்றேன். அட்சதை விழுந்தது, கைகள் குறுக்கே வந்தன, பதினான்கு படத்தில் பதினொன்றில் பெண்ணின் கண் தெளிவு. மீதி மூன்றில் ஒரு கை முகத்தையே மறைத்துவிட்டது, அதற்கு எந்தப் புள்ளியும் உதவாது.

அக்கா மகன் இப்போது சிங்கிள் பாயிண்ட்டில் இருக்கிறான். அவனிடம் ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்: பைக்குள் வைக்கும் முன்பு புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அவன் கேமராவில் புள்ளிப் பட்டனை அழுத்தி செட் பட்டனைத் தட்டினால் நடுப்புள்ளிக்கு வந்துவிடும், இன்னொரு முறை தட்டினால் ஆட்டோ. அடுத்த முறை அவசரமாக எடுக்கும்போது புள்ளி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்காது.